நாலுக்குள் வருமா சேலம்?

தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) கிரிக்கெட் தொடங்கப் போகிறது என்றால் எடப்பாடித் தறிக்கூடங்களில் ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரே பேச்சுதான். பிளே-ஆஃப் போகும் நாலு அணி எது? சேலம் ஸ்பார்ட்டன்ஸை உள்ளே போட்டுவிட்டுத்தான் நம்மாட்கள் மீதி மூன்றைத் தேடுவார்கள். ஊர்ப்பாசம், குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் இந்தக் கணிப்பு லேசில் பலிக்காது. மொத்தம் எட்டு அணி, லீக் சுற்றில் ஆளுக்கு ஏழே ஆட்டம். ஒரு நாள் மழை, ஒரு மோசமான ஓவர் போதும், பட்டியல் தலைகீழாகிவிடும். புள்ளி சமமானால் நெட் ரன்ரேட் பார்ப்பார்கள். அதனால் தோற்கிற ஆட்டத்திலும் கடைசி இருபது ரன்னுக்கு மதிப்பு உண்டு.

மதுரையைப் பாருங்கள். 2016, 2017 இரண்டு சீசனிலும் ஒரு வெற்றிகூட இல்லை. 2018-இல் அவர்களை நாலுக்குள் போட்டவரை ஊரே கேலி பேசியிருக்கும். கோப்பை அந்த ஆண்டு மதுரைக்குத்தான் போனது!

சேலத்துக்கும் ஒரு கோப்பைக் கதை உண்டு. 2016-இல் முதல் கோப்பையை வென்றது தூத்துக்குடியின் டூட்டி பேட்ரியாட்ஸ். அந்த அணிதான் பிறகு சேலத்துக்கு இடம் மாறி ஸ்பார்ட்டன்ஸ் ஆனது. அந்தக் கோப்பையை நம் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்பது தனி வழக்கு.

இதே டிஎன்பிஎல்லில் யார்க்கர் வீசிக் கவனம் பெற்றவர்தான் நம் பக்கத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன். 2020 டிசம்பரில் அவர் இந்திய அணிக்கு ஆடுவார் என்று எந்தக் கணிப்பாளரும் எழுதி வைக்கவில்லை.