நாற்காலிக்கு அடியில் ஏன் துளைகள்?

இசைக்கென்றே கட்டிய சில அரங்குகளில், காலியாக மடங்கி நிற்கும் நாற்காலியின் அடிப்பலகையைத் தடவினால் வரிசையாகச் சிறு துளைகள் விரலில் தட்டுப்படும். திட்டமிட்டுப் போட்டவை அவை. ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு ஒலியை உறிஞ்சுவாரோ, காலி நாற்காலியும் ஏறத்தாழ அவ்வளவை உறிஞ்ச வேண்டும். இல்லையென்றால் மதியம் ஒத்திகை பார்த்த கலைஞருக்கு, மாலையில் கூட்டம் நிறைந்ததும் அதே அரங்கு வேறு மாதிரி கேட்கும்.

நாற்காலிக்கும் ஒலிக்கும் உள்ள இந்த உறவை முறையாக அளந்து காட்டியவர் வாலஸ் சபைன். 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியகத்தில் புதிதாகத் திறந்த விரிவுரைக் கூடத்தில் யார் பேசினாலும் புரியவில்லை. ஒரு சொல்லின் எதிர்முழக்கம் அடங்க ஐந்து விநாடிக்கு மேல் ஆனது. அதற்குள் அடுத்த பன்னிரண்டு பதினைந்து அசைகள் அதன்மேல் வந்து விழுந்தன. இதைச் சரிசெய்யும் வேலை, இயற்பியல் துறையில் இளம் ஆசிரியராக இருந்த சபைனிடம் வந்தது.

அவருக்குக் கைகொடுத்தவை பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகள். ஊர் அடங்கிய பிறகு உதவியாளர்களோடு அவற்றைச் சுமந்துவந்து கூடத்தில் பரப்புவார். ஆர்கன் குழாய் ஒன்றை ஒலிக்கவிட்டு நிறுத்தி, ஒலி காதுக்கு எட்டாமல் மறையும் நேரத்தைக் குறித்துக்கொள்வார். இன்னும் சில மெத்தைகளைச் சேர்த்து மறுபடியும் அளப்பார். விடிவதற்குள் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். இருக்கை, நடைபாதை, மேடை என்று எங்கும் மெத்தையாக நிரப்பியபோது எதிர்முழக்கம் ஏறக்குறைய ஒரு விநாடிக்கு இறங்கியது. அந்த இரவுகள் தந்த சூத்திரத்தை இன்றும் பயன்படுத்துகிறார்கள்: அரங்கின் கன அளவு பெருகினால் முழக்கம் நீளும், உள்ளே ஒலி உறிஞ்சும் பொருள் பெருகினால் குறுகும்.

1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுக் கட்டிய அரங்கு. உலகின் மிகச் சிறந்த இசையரங்குகளில் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது. தோலுறை போட்ட அதன் ஒடுக்கமான நாற்காலிகள் அப்போது வைத்தவைதான். அவற்றை எடுத்துவிட்டு அகலமான சொகுசு நாற்காலிகளைப் போட்டால் என்ன ஆகும்? ஒலியியல் அறிஞர் லியோ பெரானெக் 1960-ல் இதற்கு விடை தந்தார். அரங்கில் ஒலியை உறிஞ்சும் அளவைத் தீர்மானிப்பது தலைக்கணக்கு இல்லை, இருக்கைகள் பிடித்திருக்கும் தரைப்பரப்பு என்றார். அதே எண்ணிக்கை ரசிகர்களைத் தாராளமாகப் பரப்பி உட்காரவைத்தால் இசை வறண்டுபோகும்.

சினிமா அரங்கில் கதை நேர்மாறு. படத்தின் ஒலிப்பதிவிலேயே தேவையான முழக்கம் சேர்ந்திருக்கும். கூடம் தன் பங்குக்கு எதையும் சேர்க்கக் கூடாது. அதனால் மல்டிபிளெக்ஸ்காரர்கள் தடித்த மெத்தையும் சாய்வு சோபாவும் தயங்காமல் போடலாம். மைக் இல்லாமல் வீணை கேட்க வேண்டிய அரங்குக்கு அதே சோபாவை வாங்கிப் போடுவது வீணைக்கு இழைக்கும் அநீதி.

காது ஒரு பக்கம் என்றால், கண்ணின் தேவை இன்னொரு பக்கம். டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் வாங்கியவர்கள் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தார்கள்; முன்னால் ஒருவர் குவித்தால் பின்னால் இருப்பவர் அதைவிட உயரமாகக் குவித்தாக வேண்டும். ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் 1838-லேயே இதற்குக் கணக்கு எழுதிவிட்டார். எல்லா வரிசையும் ஒரே சரிவில் ஏறினால் போதாது, பின்னே போகப் போகச் சரிவு கூட வேண்டும் என்பது அவர் முடிவு. இன்றைய வடிவமைப்பாளர்கள், முன்வரிசைக்காரரின் கண்மட்டத்துக்கு மேலே நம் பார்வைக்கோடு 12 செ.மீ. உயரத்தில் போவதைச் சிறப்பு என்கிறார்கள். 6 செ.மீ.க்குக் கீழே போனால் கழுத்தை வளைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இருக்கை வரைபடத்தில் யாரும் கைவைக்கக் கூடாத இடம் நடைபாதை. கூட்டம் அதிகம் என்றால் அங்கே நாலு பிளாஸ்டிக் நாற்காலி போடுவதை நாம் விருந்தோம்பலாகவே எடுத்துக்கொள்கிறோம். டெல்லி உபகார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று நடந்ததைப் படித்தவர்கள் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தரைத்தள வாகன நிறுத்துமிடத்தில் டிரான்ஸ்பார்மரிலிருந்து பரவிய தீயின் புகை பால்கனிக்கு ஏறியது. அங்கே வலப்பக்க நடைபாதையைக் கூடுதல் இருக்கைகள் விழுங்கியிருந்தன. வலப்பக்க வாசலை எட்டு இருக்கை கொண்ட ஒரு பாக்ஸ் மறித்திருந்தது. 59 பேர் இறந்தார்கள். கூடுதல் இருக்கைகளுக்கு 1976-ல் அனுமதி தந்தது அரசு. 1979-ல் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்ட பிறகும், பால்கனியில் அவற்றில் பெரும்பாலானவற்றை அப்படியே வைத்துக்கொள்ள அதிகாரிகள் இசைந்தார்கள்.