பேஸ்லிப் கேட்டால் கொடுக்கலாம், பாஸ்வேர்டு கேட்டால்?

"மாமா, கிரெடிட் கார்டுக்கு எழுதிப் போட்டிருக்கேன். மூணு மாசப் பேஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டாங்க, அனுப்பிட்டேன். இப்ப சேமநிதி ஐ-அக்காவுன் ஐடியும் பாஸ்வேர்டும் கேக்குறாங்க. கொடுக்கலாமா?"

செனாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் இரவு ஷிப்டுக்குக் கிளம்பும் முன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு இது. கூலாயில் ஒரு பேரங்காடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த முகவரிடம் பாரம் பூர்த்தி செய்து கொடுத்திருக்கிறான். "கொடுக்காதே, காலையில் பேசுவோம்" என்று மட்டும் பதில் போட்டேன். காலையில் அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கூலாயிலும் செனாயிலும் அவனைப் போன்ற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தொழிற்சாலைப் பிள்ளைகள், எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்தவர்கள், விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி ஒரு நாள் வரும்.

வங்கி நம் சம்பளத்தைத் துருவுவதற்குச் சட்டக் காரணம் இருக்கிறது. 2011 மார்ச்சில் பேங்க் நெகாரா கிரெடிட் கார்டு விதிகளை இறுக்கியது. அதுவரை ஆண்டுக்கு 18,000 ரிங்கிட் சம்பாதித்தால் போதும் என்றிருந்தது 24,000 ஆனது. ஆண்டு வருமானம் 36,000 ரிங்கிட்டோ அதற்குக் குறைவோ என்றால் இரண்டு வங்கிகளின் அட்டைதான் வைத்திருக்கலாம். ஒவ்வொரு வங்கியும் தரும் கடன் வரம்பு மாத வருமானத்தில் இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது. இந்தக் கணக்கைப் போட வேண்டுமென்றால் வங்கிக்கு உங்கள் வருமானம் தெரிந்தாக வேண்டும். எந்தச் சான்றும் வேண்டாம், உடனே அட்டை தருகிறோம் என்று யாராவது சொன்னால் அங்கேதான் நாம் சந்தேகப்பட வேண்டும்.

இனி கணக்குக்கு வருவோம், சிக்கலே அதில்தான் இருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். பன்னிரண்டால் பெருக்கினால் 20,400. அட்டைக்கு வேண்டிய 24,000-க்கு 3,600 குறைகிறது, அதாவது மாதம் 300 ரிங்கிட். இந்த 300-ஐ ஓவர்டைமில் சம்பாதிக்க வேண்டுமென்றால் எவ்வளவு நேரம் உழைக்க வேண்டும்? 1,700-ஐ 26 நாளாலும் 8 மணியாலும் வகுத்து, ஒன்றரை மடங்கு ஆக்கினால் மணிக்கு ஏறக்குறைய 12 ரிங்கிட் 26 காசு வரும். மாதம் 25 மணி நேரம் ஓ.டி. செய்தால் 300 தேறும். தொழிற்சாலையில் பலர் அதற்கு மேலும் செய்கிறார்கள். ஆனால் அந்த ஓ.டி. பணம் ஊழியர் சேமநிதி அறிக்கையில் தெரியாது.

ஓவர்டைமுக்குச் சேமநிதிச் சந்தா பிடிப்பதில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. அடிப்படைச் சம்பளம் 1,700 என்றால் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, 187 ரிங்கிட். முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 ரிங்கிட். ஓ.டி. சேர்த்து நீங்கள் 2,400 வாங்கினாலும் அறிக்கையில் நிற்பது இந்த 187-ம் 221-ம்தான். வங்கி அதிகாரி இந்தச் சந்தாவை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் அவருக்குக் கிடைப்பது 1,700. உங்கள் பாரத்திலோ 2,400 என்று எழுதியிருக்கிறது. "மறுபடியும் ஆவணம் அனுப்புங்கள்" என்று அவர் எழுதுவதற்குப் பெரும்பாலும் இந்த இடைவெளிதான் காரணம். பையன் பயந்துபோய் நம்மை ஏமாற்றுக்காரன் என்று நினைக்கிறார்களோ என்று கலங்குகிறான். கலங்க வேண்டியதில்லை. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓ.டி. எவ்வளவு, ஷிப்ட் அலவன்ஸ் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் பேஸ்லிப்பையும், அதே தொகை கணக்கில் ஏறிய வங்கி அறிக்கையையும் சேர்த்துக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். ஓ.டி.யை எவ்வளவு தூரம் வருமானமாக ஏற்பது என்பது வங்கிக்கு வங்கி மாறும். பாரம் நிரப்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பேஸ்லிப்பே தராத முதலாளிகளும் இருக்கிறார்கள், குத்தகைக்காரர்களிடம் கூலி வாங்குகிறவர்களுக்கு இது தெரியும். ஒவ்வொரு சம்பள காலத்துக்கும் கணக்கு விவரத்தை எழுத்தில் தருவது 1957-ஆம் ஆண்டு வேலை விதிமுறைகளின்படி முதலாளியின் கடமை. வருமான வரிக்கான இஏ பாரத்தையும் பிப்ரவரி முடிவதற்குள் தந்தாக வேண்டும். பேஸ்லிப் தரவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். இதைக் கிரெடிட் கார்டுக்காக மட்டும் சொல்லவில்லை. வீட்டுக் கடன், மோட்டார் கடன், சொக்சோ உதவி என்று எதற்குப் போனாலும் அந்தத் துண்டுச் சீட்டைத்தான் கேட்பார்கள்.

மாதம் 300 ரிங்கிட் குறைகிற இந்த இடத்தில்தான் புரோக்கர்கள் நுழைகிறார்கள். "உன் சம்பளத்தை நான் கூட்டிக் காட்டுறேன் தம்பி, பேஸ்லிப் நான் அடிச்சுத் தரேன்" என்பார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், "உன் கணக்குல மாசாமாசம் பணம் போட்டு எடுப்போம், சம்பளம் மாதிரி தெரியும், ஏடிஎம் கார்டை மட்டும் கொடு" என்பார்கள். இரண்டுமே குற்றம். பொய்ப் பத்திரத்தை உண்மையானதென்று காட்டுவது தண்டனைச் சட்டம் 471-ஆவது பிரிவின் கீழும், ஏமாற்றிப் பணம் பெறுவது 420-ஆவது பிரிவின் கீழும் வரும். கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் தகுந்த காரணமின்றிப் பிறர் கையில் கொடுப்பதையே குற்றமாக்கும் புதிய பிரிவுகள் 2024-இல் அதே சட்டத்தில் சேர்க்கப்பட்டன. மோசடிப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போயிருந்தால் போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவைத்தான். புரோக்கரின் உண்மைப் பெயர்கூட உங்களுக்குத் தெரிந்திருக்காது.

சட்டத்தைவிட எனக்கு அதிக வருத்தம் தருவது இன்னொன்று. 2,000 ரிங்கிட் சம்பாதிக்கும் ஒருவருக்குச் சட்டம் ஒரு வேலி போட்டிருக்கிறது. ஒரு வங்கியில் அதிகபட்சம் 4,000, இரண்டு வங்கியும் சேர்த்து 8,000 ரிங்கிட் கடன் வரம்பு. பேஸ்லிப்பில் 4,000 என்று பொய் எழுதினால் ஆண்டு வருமானம் 48,000 ஆகிவிடும். 36,000-க்குக் கீழே உள்ளவர்களுக்கான இந்தப் பாதுகாப்பு எதுவும் அதன் பிறகு அவருக்கு இல்லை. மூன்றாவது வங்கி, நான்காவது வங்கி எல்லாம் திறந்துகொள்ளும். 8,000 ரிங்கிட் நிலுவை இருந்தாலே 18 விழுக்காட்டு வட்டியில் மாதம் 120 ரிங்கிட் வட்டி. குறைந்தபட்சத் தவணை 5 விழுக்காடு, 400 ரிங்கிட். கையில் வருவது 2,000-க்கும் குறைவு என்கிறபோது இதுவே கழுத்தை நெரிக்கும். பொய்யால் வாங்கிய 20,000 கடனை எதைக் கொண்டு கட்டுவது? கடைசியில் ஆலோங்கிடம் போய் நின்ற குடும்பங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அடையாள அட்டை நகல், பேஸ்லிப், சேமநிதி அறிக்கை, வங்கி அறிக்கை, இஏ பாரம், வருமான வரிப் பாரம் இவையெல்லாம் காட்டுகிற தாள்கள். பார்த்துவிட்டு வைத்துவிடலாம். பாஸ்வேர்டு, பின் எண், கைத்தொலைபேசிக்கு வரும் டிஏசி எண் எல்லாம் திறக்கிற சாவிகள். வருமானத்தைச் சரிபார்க்க எந்த வங்கிக்கும் சாவி தேவையில்லை. சேமநிதி அறிக்கை வேண்டுமென்றால் நீங்களே ஐ-அக்காவுனில் நுழைந்து பதிவிறக்கம் செய்து கொடுக்கலாம். 2024 மே 11 முதல் 55 வயதுக்குட்பட்டவர்களின் சேமநிதியில் எந்நேரமும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. ஐ-அக்காவுன் பாஸ்வேர்டு கேட்கும் முகவர், தெரிந்தோ தெரியாமலோ, உங்கள் உழைப்பின் பெட்டியைத் திறக்கச் சொல்கிறார்.

முகவர்கள் எல்லோரையும் திருடர்கள் என்று சொல்லவில்லை. அட்டைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கிப் பிழைக்கும் இளைஞர்கள் அவர்கள், நம் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் அடையாள அட்டைப் படம் ஒருவரின் சொந்தக் கைத்தொலைபேசியில் போய் உட்கார்ந்துவிட்டால் அது பிறகு எங்கே போகும் என்பது அவருக்கே தெரியாது. நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே இரண்டு கோடு போட்டு, இந்த வங்கியின் கிரெடிட் கார்டு விண்ணப்பத்துக்கு மட்டும் என்று மலாயில் எழுதித் தேதி போடுங்கள். முகவரின் பெயரையும் எண்ணையும் வாங்கி, வங்கியின் பொது எண்ணுக்கு நீங்களே போன் செய்து இவர் உங்கள் ஆள்தானா என்று கேளுங்கள். விண்ணப்பத்துக்கு முன்பணம் என்று ஒரு காசும் கொடுக்காதீர்கள். எஸ்எம்எஸ்ஸில் லிங்க் அனுப்பும் வழக்கத்தை வங்கிகள் 2023-இலேயே விட்டுவிட்டன. "வருமானத்தைச் சரிபார்க்க இங்கே தட்டவும்" என்று வந்தால் அதைத் தட்டாமல் அழித்துவிடுங்கள்.

சிங்கப்பூரில் வேலை செய்பவர்களுக்கு வேறு சிக்கல். வேலை பெர்மிட்டில் போகும் மலேசியர்களுக்கு அங்கே சிபிஎஃப் பிடிப்பதில்லை, இங்கே சேமநிதியும் ஏறுவதில்லை. கூலாயில் அட்டை கேட்டால் காட்டுவதற்கு அறிக்கையே இருக்காது. ஆனால் 2016 ஏப்ரல் முதல் சிங்கப்பூர் முதலாளிகள் விவரமான சம்பளச் சீட்டு தந்தாக வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அதைக் கேட்டு வாங்கி மாத வரிசையாகச் சேர்த்து வையுங்கள். அத்துடன் வேலை ஒப்பந்தம், சம்பளம் ஏறும் வங்கிக் கணக்கின் அறிக்கை, வரி மதிப்பீட்டுக் கடிதம் இருந்தால் பெரும்பாலும் போதும். வீட்டுக்குப் பணத்தைக் கைமாற்றாக அனுப்பாமல் உங்கள் சொந்த மலேசியக் கணக்குக்கே மாதாமாதம் அனுப்புவதும் ஒரு சான்றாகும்.

பாசார் மாலாமில் கடை போடுகிறவர்களும் சொந்த லாரி ஓட்டுகிறவர்களும் வியாபாரப் பதிவுச் சான்றிதழ், ஆறு மாத வங்கி அறிக்கை, பி பாரம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். பணமெல்லாம் கல்லாப்பெட்டியிலேயே இருந்தால் வங்கியின் கண்ணுக்கு வருமானம் இல்லை. நிரந்தர வைப்புத் தொகையை ஈடாக வைத்து அட்டை தரும் வங்கிகளும் இருக்கின்றன.

எல்லாம் சரியாகக் கொடுத்தும் மறுத்துவிட்டால்? உடனே நாலு வங்கிக்கு எழுதிப் போடாதீர்கள். நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள் பேங்க் நெகாராவின் சிசிரிஸ் கடன் பதிவில் தெரியும், அவசரத்துக்குக் கடன் தேடுகிற ஆள் என்று தோன்றும். முதலில் அதன் இணையச் சேவையான இசிசிரிஸில் உங்கள் பதிவை இலவசமாக எடுத்துப் பாருங்கள். கடந்த 12 மாதத் தவணை வரலாறு அதில் இருக்கும். தவறு இருந்தால் அந்தத் தகவலைக் கொடுத்த வங்கியிடமே திருத்தக் கேட்க வேண்டும். சிடிஒஎஸ் போன்ற தனியார் கடன் தகவல் நிறுவனங்கள் வைத்திருக்கும் தகவலையும் திருத்தக் கேட்க, அவற்றுக்கான 2010-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது.

கடன் தருவதும் மறுப்பதும் வங்கியின் முடிவு. அதை எதிர்த்து நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மனிடம் போக முடியாது. உங்கள் பெயரில் நீங்கள் கேட்காத அட்டை வந்தாலோ, செய்யாத செலவு ஏறினாலோ விஷயம் வேறு. முதலில் வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வங்கி தரும் இறுதிப் பதில் உங்களுக்கு நியாயமாகப் படவில்லை என்றால் ஆறு மாதத்துக்குள், 2025 ஜனவரி முதல் இயங்கும் அந்த ஓம்புட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். பேங்க் நெகாராவின் பொது எண் 1-300-88-5465. முகவர் ஓயாமல் தொல்லை கொடுத்தால், உங்கள் விவரங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தாதே என்று எழுத்தில் கேட்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. கடன் ஏற்கெனவே கைமீறிப் போயிருந்தால் கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே காசு வாங்காமல் ஆலோசனை சொல்லி, தவணையை மாற்றி அமைக்க வங்கிகளிடம் பேசும்.

பாஸ்வேர்டை ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் இதை வாசித்துக்கொண்டிருந்தால், மீதியைப் பிறகு வாசியுங்கள். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வங்கியின் 24 மணி நேர எண்ணுக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் மோசடிப் புகார் எண்ணான 997-ஐ உடனே அழையுங்கள், பிறகு போலீஸ் புகார். வெட்கப்பட்டுக் காலம் கடத்தினால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிவிடும்.

அக்கா மகன் மறுவாரம் இரவு ஷிப்ட் முடிந்து, தூங்காமல் நேரே கூலாயில் இருக்கும் வங்கிக் கிளைக்குப் போனான். முகவரிடம் கொடுத்த விண்ணப்பத்தை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தான். கவுண்டரில் இருந்த அம்மா சேமநிதி அறிக்கை கேட்டபோது தன் கைத்தொலைபேசியிலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறான். ஓ.டி.யைத் தனியாகக் காட்டும் ஆறு மாதப் பேஸ்லிப் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்றுதான் வைத்திருந்தான். மீதி மூன்றைக் கேட்டு ஆலை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறான்.