முதோள் நாயைப் பழக்குவோம்

முதோள் நாயைப் பார்த்திருக்கிறீர்களா? கர்நாடக மாநிலத்தில் முதோள் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊரின் பெயரே நாய்க்கும் பெயர். ஒல்லியான உடல், நீண்ட கால்கள், கூர்மையான பார்வை. காற்றாய்ப் பறக்கும்.

முன்பு இதை முயல் வேட்டைக்கு வளர்த்தார்கள். 1972-ஆம் ஆண்டு வந்த வன உயிர்ச் சட்டப்படி வேட்டை குற்றம். இன்று வயலுக்கும் மந்தைக்கும் காவலாக வளர்க்கிறார்கள்.

எது ஓடினாலும் இந்த நாய் துரத்தும். அடுத்த வீட்டு ஆட்டையும் துரத்தும். ஆடு செத்தால் யாருக்கு நட்டம்? சண்டை யாருக்கு வரும்? அதனால் குட்டியிலேயே பழக்க வேண்டும்.

எப்படிப் பழக்குவது?

பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வந்ததும் கொஞ்சம் தீனி கொடுங்கள். தட்டிக்கொடுங்கள். பிறகு கயிற்றில் பிடித்து ஆடுகளின் அருகே நடத்துங்கள். பாய்ந்தால் நீங்கள் நின்றுவிடுங்கள். அமைதியாக இருந்தால் மறுபடியும் தீனி கொடுங்கள். தினமும் பத்து நிமிடம் போதும். நன்றாகப் பழகும்வரை கயிற்றை அவிழ்க்காதீர்கள்.

அடிக்காதீர்கள். அடிபட்ட நாய் கூப்பிட்டால் வராது.

2016-இல் இந்திய ராணுவமும் மீரட் நகரில் முதோள் நாய்களைப் பழக்கத் தொடங்கியது.

ஓடுவது அதன் பிறவிக் குணம். நிற்கக் கற்றுக்கொடுப்பது நம் வேலை.