ஐம்பதடிக் கம்பமும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையும்

எங்கள் கோவிலம்பாக்கம் பக்கம் அரை கிரவுண்டு மனை என்றால் முப்பதுக்கு நாற்பது. அந்த நாற்பதடியை நீளவாக்கில் தாண்டி, பக்கத்து மனையிலும் பத்தடி தள்ளிப் போய் விழுகிற மனிதரை நினைத்துப் பாருங்கள், சகோதரிகளே! ஜப்பான்காரர் மிகியோ ஓடா 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தாண்டியது 15.21 மீட்டர். ஒரே தாவலில் இல்லை. ஓடி வந்து நொண்டியடித்து, அதே காலில் ஊன்றி, மறுகாலில் ஓர் எட்டு வைத்து, கடைசியில் ஒரு பாய்ச்சல். மும்முறைத் தாண்டல் என்கிறார்கள். நம்ம பாண்டி ஆட்டத்துக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை ஆசியாவுக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தவர் அவர்தான். 1932-லும் 1936-லும் அதே தாண்டலில் அவர் நாட்டுக்காரர்களே ஜெயித்தார்கள். 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக் மைதானத்தில் ஒரு கொடிக்கம்பத்தைச் சரியாக 15.21 மீட்டர் உயரத்துக்கு நட்டார்களாம், ஓடாவின் ஞாபகமாக! சிலை வைப்பார்கள், தெருவுக்குப் பேர் வைப்பார்கள். இப்படி அளவெடுத்து மரியாதை பண்ணி நான் கேள்விப்பட்டதே இல்லை.

அதே டோக்கியோவில் 1958-ல் ஆசிய விளையாட்டு நடந்தது. ஜோதி ஏற்றியவர் ஓடா. அந்தப் போட்டியில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கியவர் யார் தெரியுமா? நம் தமிழ்ப் பிள்ளை, நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்தவர். மீசை அரும்புகிற பதினேழு வயசிலேயே 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போய் வந்துவிட்டார். டோக்கியோவில் அவர் தாண்டியது 2.03 மீட்டர், அதாவது ஆறடி எட்டு அங்குலம். நம் வீட்டு நிலைப்படியில் தலை இடிக்காமல் போகிறோமே, கிட்டத்தட்ட அந்த உயரம்! ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. இந்தக் காலம் மாதிரி விழுவதற்கு மெத்தையா இருந்தது? மணலிலோ மரத்தூளிலோதான் விழணும். பெற்றவள் பார்த்தால் வயிறு கலங்காதா?

1962 ஜகார்த்தாவில் வெள்ளியும் வாங்கினார். எனக்குப் பெரிசாய்ப் பட்டது அதற்கப்புறம் நடந்ததுதான். அமெரிக்காவில் படித்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். காலமெல்லாம் கல்வித் துறையிலேயே உழைத்து, 2024-ல் 89 வயதில் காலமானார்.

இதை எங்கள் வீட்டில் சொல்ல ஒரு காரணம் உண்டு. சின்னவன் ஒன்பதாம் வகுப்பு, உயரம் தாண்டுகிறான். "அடுத்த வருஷம் பப்ளிக் பரீட்சை, இப்போதே நிறுத்திடு அண்ணி" என்று நாத்தனார் ஒரே பிடி. இவர் வழக்கம்போல் பேப்பருக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார். நான்தான், "எதிர்வீரசிங்கம் தாண்டினாரே, படிக்காமலா போனார்?" என்று கேட்டேன். நாத்தனார் இன்னும் பதில் சொல்லவில்லை. காலை ஐந்தரைக்கு அவன் மைதானம் போகிறான். ஏழு மணிக்குள் வந்துவிடணும் என்பது என் கண்டிஷன்.

பெண் குழந்தைகளையும் குதிக்க விடுங்கள். எலும்பு கெட்டிப்படுகிற வயசு அதுதான். சிமெண்டுத் தரை மட்டும் வேண்டாம், மணல் இருக்கட்டும். எழுந்ததும் நேரே போய்த் தாண்டாமல் கொஞ்சம் ஓடி, உடம்பைச் சூடாக்கிக்கொண்டு தாண்டச் சொல்லுங்கள். வந்ததும் பசி என்று பறப்பார்கள். என் பிள்ளைக்கு முதல் நாளே ஊறப்போட்ட கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு டம்ளர் பாலும் தயாராக இருக்கும்.