பேராசிரியர்கள் கூடியுண்ணும் மேசை

பல்கலைக்கழகம் என்றதும் விரிவுரை மண்டபமும் நூல்நிலையமும் ஆய்வுகூடமுமே நம்மிற் பலருடைய மனக்கண்முன் தோன்றுகின்றன. பகல் முழுவதும் விரிவுரை நிகழ்த்திய பேராசிரியர்கள் மாலையில் எங்கே போகிறார்கள், யாரோடு பேசுகிறார்கள், எதை உண்கிறார்கள் என்று மாணவர் எவரும் கேட்பதில்லை. ஆசிரியர் என்போர் கரும்பலகைக்கு முன்னாலேயே பிறந்து அதன் அடியிலேயே உறங்குபவர் என்பது மாணவ உலகின் பழைய நம்பிக்கை. கல்லூரியிற் கற்பிக்கும் நாம் இதை நன்கறிவோம்.

மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில், கற்பிப்போர் கூடி உண்டு உரையாடுவதற்கென்றே தனியிடம் அமைத்திருக்கிறார்கள். ஒக்ஸ்போர்டில் மேர்ட்டன் கல்லூரி 1661 ஆம் ஆண்டில் இத்தகைய பொது அறையொன்றை முதன்முதலாக ஏற்படுத்திற்று. மற்றைய கல்லூரிகள் அதனைப் பின்பற்றின. உண்ணும் மண்டபத்தின் ஒரு கோடியிற் சற்றே உயர்ந்த மேடை. அதன்மேல் நீண்டதொரு மேசை. அதற்கு 'உயர்மேசை' என்று பெயர். மாணவர் கீழ்மட்டத்தில் வரிசை வரிசையாக அமர்ந்திருக்க, கல்லூரித் தலைவரும் ஆசிரிய உறுப்பினரும் கறுப்பு அங்கி தரித்து அங்கே வீற்றிருப்பர். இலத்தீன் மொழியிற் பிரார்த்தனை கூறியபின்னரே விருந்து தொடங்கும். உணவு முடிந்ததும் வேறோர் அறைக்குச் சென்று, கனிகளும் மதுவும் முன்னிருக்க, உரையாடலைத் தொடர்வர். மதுக்குப்பி எப்பொழுதும் இடப்புறமாகவே கைமாற வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஒக்ஸ்போர்ட் நியூ கொலிஜில், கணப்பு அடுப்பின் இருபுறமும் அமர்ந்திருப்போரிடையே குப்பியைக் கடத்துவதற்கு இழுவைப் பொறியொன்றையே அமைத்து, அதற்கு இரயில் என்று பெயரும் சூட்டியிருக்கிறார்கள். எழுந்து நாலடி நடந்து கொடுத்தால் ஆகாதோ என்று நாம் கேட்கலாம். அறிஞர்களுக்கு அது தோன்றவில்லை!

அமெரிக்காவிலே கல்லூரி முறை வேறு. ஆதலால் ஆசிரியர்கள் ஒன்றுசேர்ந்து மன்றங்கள் அமைத்துக்கொண்டனர். 'பக்கல்ற்றி கிளப்' என்பது அவற்றின் பொதுப்பெயர். புதிய விரிவுரையாளருக்கு வரவேற்பு, நத்தார் விருந்து, பகலுணவின்பின் ஒரு சிறு சொற்பொழிவு, மாலையில் இசை, வயோதிபப் பேராசிரியர்களுக்குச் சதுரங்கம் என இவற்றின் ஆண்டு நிகழ்ச்சிகள் செல்லும். 1893 இல் தோன்றிய சிக்காகோவின் குவாட்றாங்கிள் கிளப்பில், 1904 ஆம் ஆண்டளவில் நகைச்சுவை நாடக மரபொன்று தோன்றியது. பேராசிரியர்கள் தாமே வேடந்தாங்கிப் பாடி ஆடிப் பல்கலைக்கழகத்தையும் ஒருவரையொருவரையும் கேலிசெய்வர். ஹாவார்ட் மன்றத்திலோ, இரண்டாம் உலகப்போர்க்கால இறைச்சித் தட்டுப்பாட்டின்போது குதிரை இறைச்சி பரிமாறத் தொடங்கினர். போர் முடிந்தபின்னும் அப்பண்டம் பல்லாண்டுகள் உணவுப் பட்டியலில் நிலைத்திருந்தது. சைவ வாசகர்கள் முகஞ்சுளிக்கு முன்னர் வேறொரு விருந்துக்குச் செல்வோம்.

கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆசிரியர் மன்றமாகிய 'அதீனியம்' 1930 இற் கட்டப்பெற்றது. 1931 தை மாதத்தில் அங்கு ஐன்ஸ்ரைனைக் கௌரவித்து ஒரு விருந்து நடந்தது. மில்லிக்கனும் மைக்கல்சனும் உடனிருந்தனர். மூவரும் நோபல் பரிசு பெற்றவர்கள். மைக்கல்சன் ஒளியின் வேகத்தை அளந்த பெரியார். அவர் 1881 இல் தமது புகழ்பெற்ற பரிசோதனையை முதன்முதலிற் செய்தபோது ஐன்ஸ்ரைன் இரண்டு வயதுக் குழந்தை. விருந்திலே எழுந்த ஐன்ஸ்ரைன், தாம் சிறு பாலகனாயிருந்த காலத்திலேயே தமக்கு வழிசெய்துவைத்தவர் இவர் என்று முதியவரை நோக்கி நன்றி கூறினார். நான்கு மாதங்களின் பின், வைகாசியில், மைக்கல்சன் காலமானார். நேர்நின்று சொல்லவேண்டிய நன்றியை உரிய காலத்திற் சொல்வதற்கு ஒரு மேசை உதவிற்று.

எல்லா மேசைகளும் அவ்வாறு வாய்ப்பதில்லை. 1959 இல் கேம்பிறிட்ஜில் சீ. பி. ஸ்னோ நிகழ்த்திய 'இரு பண்பாடுகள்' என்னும் சொற்பொழிவை உயர்வகுப்பு மாணவர் அறிந்திருப்பர். அதில் அவர் பழைய கதையொன்றைச் சொல்கிறார். ஒக்ஸ்போர்டிலிருந்து விருந்தினராக வந்த அறிஞர் ஒருவர், உயர்மேசையில் எதிரே இருந்தவருடன் பேச்சுக்கொடுத்தார். உறுமல் ஒன்றே பதிலாக வந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் முயன்றார், அங்கும் உறுமல். பின்னர் அவ்விருவரும், இவர் எதைப்பற்றிப் பேசுகிறார் என்று தங்களுக்குள் விசாரித்து, இருவருக்குமே தெரியவில்லை என்று முடிவுகட்டினர். தலைவர் சமாதானமாக, அவர்கள் கணிதக்காரர்கள், நாங்கள் அவர்களோடு பேசுவதே இல்லை என்றாராம். ஸ்னோவின் கவலை விஞ்ஞானியும் இலக்கியக்காரனும் ஒரே பந்தியில் இருந்தும் அந்நியராக இருக்கிறார்களே என்பது. நமது கல்லூரி ஆசிரியர் அறைகளிலும் கணிதக்காரர் ஒரு மூலையிலும் பண்டிதர் மறு மூலையிலும் தேநீர் அருந்தும் காட்சி அருமையானதன்று.

பந்தியில் இருந்தும் அந்நியராவது ஒருபுறமிருக்க, பந்திக்கே அழைக்கப்படாதவர்களையும் நாம் நினைத்துப்பார்த்தல் வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் 1902 இல் எழுந்த மன்றம் ஆடவருக்கே உரியதாயிருந்தது. பெண் ஆசிரியர்கள் முறையிட்டுக் காலங்கழிக்கவில்லை. 1919 இல் தமக்கென ஒரு மன்றம் தொடங்கி, 1923 இற் சொந்தக் கட்டடமும் எழுப்பிக்கொண்டனர். இங்கிலாந்தில் வேர்ஜினியா வூல்ஃப் 1928 இல் கேம்பிறிட்ஜின் இரு பெண்கள் கல்லூரிகளிற் பேசியவற்றை விரித்து அடுத்த ஆண்டு நூலாக்கினார். ஆடவர் கல்லூரியொன்றின் பகலுணவையும் பெண்கள் கல்லூரியொன்றின் இராவுணவையும் அதில் அவர் அடுத்தடுத்து வருணிக்கிறார். அங்கே மீனும் பறவை இறைச்சியும் மதுவும்; இங்கே தெளிந்த சூப்பும் மாட்டிறைச்சியும் உலர்ந்த கனியும் தண்ணீரும். இரு தட்டுக்களைக் காட்டியே, கல்விக்கான செல்வம் எப்பக்கம் குவிந்திருந்தது என்பதை வாசகர் உணரச் செய்துவிட்டார். கேம்பிறிட்ஜ் பெண்களுக்கு முழு உரிமையுடன் பட்டம் வழங்க இசைந்தது 1948 இலேதான்.

இனி, நமக்கு மிக நெருங்கிய ஒருவரைப்பற்றிக் கூறவேண்டும். கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன் 1914 சித்திரையில் இங்கிலாந்து சேர்ந்தார். பேராசிரியர் ஹார்டியின் அழைப்பின் பேரில் வந்த அவருக்குத் திரினிற்றிக் கல்லூரியில் அறை கிடைத்தது. கணிதத்திற்கு அதனினும் சிறந்த இடம் அக்காலத்தில் அரிது. ஆனால் இராமானுஜன் ஆசாரமிக்க வைணவப் பிராமணர். இறைச்சி சமைத்த பாத்திரத்தில் வெந்த காய்கறியைக்கூடத் தொடமாட்டார். ஆகவே கல்லூரிச் சாப்பாட்டு மண்டபம் அவருக்கு இல்லாததொன்றாயிற்று. தமது அறையிலேயே தாமே சமைத்து, நினைத்த நேரத்தில் உண்டார். சில மாதங்களில் முதலாம் உலகப்போர் மூண்டது. நல்ல காய்கறி கிடைப்பதே அரிதாயிற்று.

அந்தத் தனியறை அடுப்படியிலும் கணிதம் விளைந்தது என்பதை மறைக்கலாகாது. பிற்காலத்திற் புள்ளிவிபரவியல் மேதையாகத் திகழ்ந்த மகலனோபிஸ் அப்போது கேம்பிறிட்ஜ் மாணவர். ஒருநாள் இராமானுஜன் சட்டியிற் காய்கறி கிண்டிக்கொண்டிருக்க, மகலனோபிஸ் சஞ்சிகையிலிருந்த புதிரொன்றை வாசித்தார். வீதியொன்றின் வீட்டிலக்கங்களைப்பற்றிய கணக்கு அது. கிண்டுவதை நிறுத்தாமலே இராமானுஜன் விடையைச் சொன்னார். ஒரு விடையன்று, அவ்வகைப் புதிர்கள் அனைத்திற்கும் பொருந்தும் தொடர்பின்னமொன்றை எழுதிக்கொள்ளும்படி கூறினார்.

வேறொரு நாள் இந்திய நண்பர் ஒருவரையும் அவருடைய வருங்கால மனைவியையும் அழைத்துத் தம் கையாற் சமைத்து விருந்திட்டார். இரசம் பரிமாறினார். இருமுறை வாங்கி அருந்திய பெண்கள் மூன்றாம் முறை வேண்டாமென்றனர். சிறிது நேரத்தில் வீட்டுக்காரரைக் காணவில்லை! சில நாட்களின் பின்னரே, ஒக்ஸ்போர்டிலிருந்து செலவுக்குப் பணம் கேட்டு அவர் அனுப்பிய தந்தி வந்தது. தாம் இட்ட உணவை மறுத்தது அவர் மனத்தைப் புண்படுத்திவிட்டதாம். இதை மேதையின் விசித்திரம் என்று எழுதிச் சிரிப்பவர் உளர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. உண்ணவும் உண்பிக்கவும் கூட்டமாய் வாழ்ந்து பழகிய தமிழ்ப் பிள்ளை ஒருவன், நூற்றுக்கணக்கானோர் ஒன்றாயிருந்து உண்ணும் கல்லூரியிலே தனியே உண்டு மாதக்கணக்கிற் கழித்தபின் அழைத்த விருந்து அது.

1917 இல் நோய்வாய்ப்பட்டார். 1918 ஐப்பசியில் திரினிற்றி அவரைத் தன் ஆசிரிய உறுப்பினராகத் தெரிவுசெய்தது. அப்பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. ஆண்டுக்கு 250 பவுண், ஆறாண்டுகளுக்கு, கடமை யாதுமில்லை. உயர்மேசையில் உரிமையோடு அமரத்தக்க பதவி அது. ஆனால் அப்போது அவர் நோயாளி. 1919 மாசி இறுதியிற் கப்பலேறினார். 1920 சித்திரை 26 இற் சென்னையில் மறைந்தார். கல்லூரியையும் நாம் குறைகூறமாட்டோம், அவரது ஆசாரத்தையும் குறைகூறமாட்டோம். ஒரு தனிச் சட்டியில் நான்கு காய்கறியைப் புறம்பாக அவித்துக் கொடுக்கும் யோசனை ஒருவருக்கும் நடைமுறையில் வந்து சேரவில்லையே என்பதே நமது ஆற்றாமை.

பதினைந்து ஆண்டுகளின் பின், 1933 இல், அதே கல்லூரியின் உறுப்பினரானார் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவரும் தமிழர், அவரும் மரக்கறி உணவினர். ஆனால் அவர் மேசைக்குச் சென்றார். அங்கே வானியற் பேரறிஞர் எடிங்டனோடு பழகினார். எடிங்டன் அடிக்கடி அவரைக் கண்டு, விண்மீன்களின் முடிவுபற்றிய அவருடைய ஆராய்ச்சியை விசாரித்துவந்தார். 1935 தை 11 ஆந் திகதி இலண்டன் வானியற் கழகத்தில் சந்திரசேகர் தமது முடிவை வாசிக்கவேண்டும். முதல்நாள் மாலை கல்லூரி விருந்துக்கு எடிங்டனும் வந்திருந்தார். இளைஞருக்குக் கூடுதல் நேரம் கேட்டு வைத்திருப்பதாக அன்போடு கூறினார். தாம் அடுத்துப் பேசப்போவது என்னவென்பதை மட்டும் வாய்திறந்து சொல்லவில்லை. மறுநாள் சந்திரசேகர் அமர்ந்ததும் எழுந்து, அவரது முடிவு அபத்தம் என்று சபை சிரிக்கும்படி பேசினார். இருபத்துநான்கு வயது இளைஞரின் நிலையை வாசகர் எண்ணிப்பார்க்கலாம். சந்திரசேகர் கொண்ட முடிவே சரியென்று பின்னர் நிறுவப்பட்டது. 1983 இல் நோபல் பரிசு கிடைத்தது. வியப்பு என்னவெனில், இருவர் நட்பும் முறியவில்லை. 1944 இல் எடிங்டன் இறந்தபோது சிக்காகோவில் இரங்கலுரை நிகழ்த்தியவர் சந்திரசேகரே.

நமது நாட்டிலும் இம்மரபின் சாயல் படிந்தது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் உபவேந்தரான ஐவர் ஜெனிங்ஸ் கேம்பிறிட்ஜில் கற்றவர். கற்போரும் கற்பிப்போரும் ஒரே சூழலில் வாழவேண்டும் என்ற எண்ணத்தோடு பேராதனையில் அருணாசலம், இராமநாதன் முதலியோர் பெயரால் விடுதிகள் எழுந்தன. 1952 இற் பெருமளவில் அங்கு இடப்பெயர்ச்சி நடந்தது. ஜெனிங்ஸ் பின்னர் கேம்பிறிட்ஜில் திரினிற்றி ஹோல் என்னும் கல்லூரியின் தலைவராகி, அங்குள்ள உயர்மேசைக்கே திரும்பிச் சென்றார்.

இம்மன்றங்களின் நிலை இன்று எங்கும் ஒன்றுபோல் இல்லை. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழக மன்றம் பணநெருக்கடியால் 1994 இல் மூடப்பட்டது. பகலுணவை மேசையிலேயே கணினிக்கு முன்னிருந்து முடித்துக்கொள்ளும் விரிவுரையாளர் பெருகிவிட்டனர். திரினிற்றியோ 2019 இல் தன் வரலாற்றில் முதன்முறையாக ஒரு பெண்மணியைத் தலைவராகப் பெற்றது. மேற்படிப்புக்காக அங்கே செல்லும் நம் மாணவர்கள் விருந்துக்கு அழைக்கப்பட்டால் தயங்கவேண்டியதில்லை. மரக்கறி உணவு வேண்டுமென முன்கூட்டியே தெரிவித்தால் அதற்கெனத் தனியாகச் சமைத்துத் தருகிறார்கள். மதுவை மறுத்துத் தண்ணீர் கேட்டால் எவரும் முகங்கோணார். அருகில் அமர்ந்திருப்பவர் கணிதக்காரராயின், முதற்கேள்விக்கு உறுமினாலும் இரண்டாவது கேள்வியையும் கேட்டுப்பார்க்கலாம்.