‘உன் கலருக்கு இது எடுக்காது’: பிரச்சினை கலர்லயா, லைட்டுலயா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்ல நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் வேற வேற மாதிரி கேட்டிருந்தீங்க. டிரஸ்ஸோ போட்டோவோ டிசைனோ, ஐடியா எங்கேர்ந்து எடுக்கிறது? பின்டரெஸ்ட்டைத் திறந்தா எல்லாருக்கும் ஒரே பீஜ் கலர் சோபா, ஒரே லினன் சட்டை, ஒரே ஜன்னலோரக் காபி கப். அதையே பார்த்து அதையே எடுத்து அதையே போட்டுக்கிட்டு இருக்கோம்.

நான் பண்றது ஒண்ணுதான். பொருளைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அது மேல விழுற வெளிச்சத்தைப் பார்க்கிறேன். கேட்க ரொம்பச் சாதாரணமா இருக்கும். ஆனா இதுல நம்ம ஊர்ல ஒரு பெரிய விஷயம் மாட்டிக்கிட்டு இருக்கு. சின்ன வயசுலேர்ந்து நமக்குச் சொல்லப்படுற ‘இது உன் கலருக்கு எடுக்காது’ங்கிற தீர்ப்பு. அதுக்கு வர்றேன். முதல்ல லண்டனுக்குப் போயிட்டு வந்துடலாம்.

2003 அக்டோபர்ல, டேட் மாடர்ன் மியூசியத்தோட டர்பைன் ஹால்ல, ஓலாஃபர் எலியாசன்ங்கிற கலைஞர் ஒரு சூரியனை வச்சார். அந்த வேலையோட பேர் ‘தி வெதர் ப்ராஜெக்ட்’. அந்த ஹால் ஒரு பழைய மின்நிலையத்தோட டர்பைன் இருந்த இடம், அவ்வளவு பெரிசு. ஒரு கோடிச் சுவர்ல அரை வட்டமா விளக்குகள், மேல கூரை முழுக்கக் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, காத்துல லேசாப் பனிமூட்டம். அரை வட்டம் கண்ணாடியில பிரதிபலிச்சு முழு வட்டமாத் தெரியும். அஞ்சு மாசத்துல சுமார் 20 லட்சம் பேர் வந்தாங்க. வந்தவங்க தரையில படுத்துட்டாங்க. மேல கண்ணாடியில குட்டியா தெரியுற தங்களையே பார்த்து கையாட்டிக்கிட்டு இருந்தாங்க.

எனக்கு அதுல பிடிச்சது அவர் உபயோகிச்ச விளக்கு. மஞ்சள்ல ஒரே ஒரு அலைநீளத்தை மட்டும் தர்ற விளக்கு, தெருவிளக்கு வகையறாதான். அந்த வெளிச்சத்துல உலகத்துல ரெண்டே நிறம்: மஞ்சள், கறுப்பு. சிவப்புச் சட்டை, நீலச் சட்டை எல்லாம் சாம்பலோட பல அளவுகள். ஏன்னா ஒரு பொருளுக்கு நிறம்னு தனியா எதுவும் கிடையாது. வர்ற வெளிச்சத்துல எதைத் திருப்பி அனுப்புதோ அதுதான் நமக்குத் தெரியுற நிறம். சிவப்பே வராத இடத்துல சிவப்புத் துணி எதைத் திருப்பி அனுப்பும்?

இந்த அனுபவத்துக்கு நமக்கு டிக்கெட் தேவைப்படலை. நம்ம தெருவுல இருந்த சோடியம் விளக்கு ஞாபகம் இருக்கா? இப்போ பெரும்பாலான இடத்துல எல்.இ.டி. வந்துடுச்சு. நம்மகிட்ட இருந்தது எலியாசன் வச்ச அளவுக்குச் சுத்த மஞ்சள் இல்ல. உயர் அழுத்தச் சோடியம்னு சொல்ற வகை. கொஞ்சம் மத்த நிறங்களும் கலந்திருக்கும். ஆனாலும் நீலம் அதுல கிட்டத்தட்ட கறுப்பாயிடும். எம்.எஸ். சுப்புலட்சுமி பேர்ல வழங்குற அந்த ‘எம்.எஸ். ப்ளூ’ பட்டைக் கட்டிக்கிட்டு ராத்திரி சோடியம் விளக்குக் கீழ நின்னா, எம்.எஸ்.ஸும் இல்ல, ப்ளூவும் இல்ல. (சிரிப்பு)

இந்த விஷயம் ஜவுளிக்கடைக்காரங்களுக்கு எந்தப் புத்தகமும் இல்லாமத் தெரியும். பட்டுக்கடையில அம்மா புடவையைக் கையில வச்சுக்கிட்டு யோசிக்கிறப்போ, “வாங்கம்மா, வெளிச்சத்துல பாருங்க”ன்னு வாசல் வரைக்கும் கொண்டுவந்து காட்டுவாங்க. கடைக்குள்ள அத்தனை லைட் எரியுது, அதை அவங்க வெளிச்சம்னே சொல்றதில்ல, கவனிச்சிருக்கீங்களா? வெளிச்சம்னா பகல்தான்.

அங்கே ரெண்டு வேலை நடக்குது. ஒண்ணு, பகல் வெளிச்சத்துல எல்லா நிறமும் இருக்கு. அதனால சாயம் தன் முழுக் குணத்தைக் காட்டும். இன்னொண்ணு, வாசல் வெளிச்சம் பக்கவாட்டிலேர்ந்து வருது. மயில் கழுத்து நிறப் புடவையை எடுத்துக்கோங்க. அதுல மயில் கழுத்துன்னு ஒரு சாயமே இல்ல. பாவு ஒரு நிறம், ஊடு இன்னொரு நிறம்; நீலமும் பச்சையும். மடிப்பை அசைக்க அசைக்க ஒரு கோணத்துல பாவு மினுங்கும், இன்னொரு கோணத்துல ஊடு மினுங்கும். தலைக்கு நேர் மேல டியூப் லைட் வரிசையா எரியுற இடத்துல இந்த விளையாட்டு பாதி செத்துப்போயிடும். என்னைக் கேட்டா நம்ம ஊர்ல சாதாரணமாக் கையில தொட்டுப் பார்க்கக்கூடிய லைட் ஆர்ட் அதுதான். மியூசியத்துல கயிறு கட்டி வைக்கலைங்கிறதால நாம அப்படிச் சொல்றதில்ல.

மேட்சிங் சென்டர்ல ப்ளவுஸ் பிட் வாங்கி ஏமாந்த கதை எல்லார் வீட்டுலயும் இருக்கும். கடையில ஒட்டிப்போன நிறம், வெளியே வந்தா ஒட்டாது. கடைக்காரர் ஏமாத்தலை. ரெண்டு துணிக்கும் சாயம் வேற வேற. ஒரு விளக்குக்குக் கீழ ரெண்டும் ஒண்ணாத் தெரியும், இன்னொண்ணுக்குக் கீழ பிரிஞ்சுடும். சாயத் தொழில்ல இதுக்கு மெட்டாமெரிசம்னு பேர்.

இப்போ நம்ம முகத்துக்கு வருவோம்.

எல்.இ.டி. பல்பு வாங்கும்போது பெட்டியில சி.ஆர்.ஐ.ன்னு ஒரு எண் இருக்கும், 80, 90ன்னு. நிறங்களை எவ்வளவு சரியாக் காட்டுதுங்கிறதுக்கான மார்க். வழக்கமாப் போடுற அந்த எண் எட்டு மாதிரி நிறங்களோட சராசரி. எட்டுமே கொஞ்சம் வெளிறிய, மென்மையான நிறங்கள். அழுத்தமான சிவப்பு அந்த எட்டுல கிடையாது. அது ஒன்பதாவது, ஆர்9ன்னு தனியா நிக்குது. அதனால ஒரு பல்பு 80 மார்க் வாங்கிட்டு, சிவப்புல ஃபெயிலாகவும் முடியும். மலிவான எல்.இ.டி.யில அதுதான் நடக்குது. அரக்குப் புடவை அதுக்குக் கீழ அழுக்குப் பழுப்பாத் தெரியுறது இதனாலதான்.

நம்ம தோல்லயும் அந்தச் சிவப்பு நிறைய இருக்கு. மாநிறம், கறுப்புன்னு சொல்ற தோல்ல பழுப்புக்கு அடியில ஒரு செம்பு நிறம் ஓடும். சிவப்பு இல்லாத விளக்குல அந்தச் செம்பு மறைஞ்சு, முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆயிடும். ட்ரையல் ரூம் கண்ணாடியில அப்படி ஒரு முகத்தோட மஞ்சள் குர்தாவைப் போட்டுப் பார்த்துட்டு, ‘எனக்கு மஞ்சள் எடுக்காது’ன்னு முடிவு பண்ணி, பத்து வருஷம் மஞ்சளே வாங்காம இருக்கிற பெண்களை எனக்குத் தெரியும். பசங்களும்தான், அவங்க வெளியே சொல்றதில்ல.

கேமராவும் இதுல நடுநிலையா இருந்ததில்ல. கலர் ஃபிலிம் காலத்துல, கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடுற லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதுல ஒரு வெள்ளைக்காரப் பெண் படம். முதல்ல படத்துல இருந்தவங்க பேரை வச்சு அதை ‘ஷெர்லி கார்டு’ன்னே கூப்பிட்டாங்க. அந்தத் தோல் சரியா வந்தா மிஷின் சரி. கறுப்பா இருக்கிறவங்க முகம் அதே பிரிண்ட்ல கண்ணும் பல்லுமாத் தெரிஞ்சா, அது அவங்க பிரச்சினை. இதுல கொடுமை என்னன்னா, கோடாக் பழுப்பு நிறங்களைச் சரிபண்ண ஆரம்பிச்சதுக்கு ஒரு காரணமாச் சொல்றது சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் கொடுத்த புகாரை. டார்க் சாக்லேட்டுக்கும் மில்க் சாக்லேட்டுக்கும் விளம்பரத்துல வித்தியாசம் தெரியலையாம். பல நிறத் தோல் உள்ள அட்டை வர 1990கள் ஆச்சு. போன் கேமராவுல இதை ஒரு அம்சமா விளம்பரப்படுத்தி கூகுள் ‘ரியல் டோன்’னு கொண்டுவந்தது 2021ல.

நம்ம கல்யாண ஆல்பம் தனிக் கதை. எங்க அக்கா ஆல்பத்துல அவ கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம். கேட்டா, “பிரைட் பண்ணியிருக்கோம் மேடம், எல்லாரும் கேட்பாங்க”ன்னாங்க. கேட்கிறவங்க இருக்கத்தான் செய்றாங்க, அதை மறுக்கலை.

சரி, மாத்து வழி எங்கே பார்க்கிறது? நான் திரும்பத் திரும்பப் போறது ராய் டிகராவாங்கிற போட்டோகிராஃபர்கிட்ட. 1919ல நியூயார்க், ஹார்லெம்ல பிறந்த கறுப்பினக் கலைஞர். 2009 வரைக்கும் இருந்தார். கறுப்பு-வெள்ளைப் படங்கள். ஃபிளாஷ் போட மாட்டார்; அங்கே என்ன வெளிச்சம் இருக்கோ அதுலயே எடுப்பார். இருட்டைப் பார்த்து அவர் பயப்படலை. பிரிண்டுல கறுப்புக்கும் இன்னும் அடர்ந்த கறுப்புக்கும் நடுவுல பத்துப் படி வச்சிருப்பார். முதல்ல ஒண்ணும் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தா கன்னம் தெரியும், கழுத்து தெரியும்.

அவரோட 1949ஆம் வருஷப் படம் ஒண்ணு, பேர் ‘கிராஜுவேஷன்’. இணையத்துல தேடிப் பாருங்க. வெள்ளை கவுன் போட்ட ஒரு பொண்ணு, பட்டமளிப்புக்காக உடுத்தினது, தனியா நடந்து போறா. சுத்தி காலி மனை, குப்பை, சுவர்ல ஒரு கார் விளம்பரம். வெயில் ஒரு துண்டா விழுந்திருக்கு, அவ அதுல இருக்கா. அடுத்த அடி நிழலுக்குள்ள. ஃபேஷன் போட்டோன்னு யாரும் அதைச் சொல்ல மாட்டாங்க. ஆனா ஒரு உடையைப் பத்தி நான் பார்த்த படங்கள்ல அதுக்கு ஈடா ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கு. அந்த கவுனுக்காக வீட்டுல என்ன பாடுபட்டிருப்பாங்கன்னு யோசிக்க வைக்குது. அந்த வெள்ளையை அப்படி வெள்ளையா ஆக்குறது சுத்தி இருக்கிற இருட்டுதான்.

கலர்ல பார்க்கணும்னா சால் லைட்டர். பத்திரிகைகளுக்கு ஃபேஷன் எடுத்துக்கிட்டே, 1948லேர்ந்து தன் வீட்டைச் சுத்தின தெருக்களைக் கலர்ல எடுத்துக்கிட்டு இருந்தவர். ஈரக் கண்ணாடி, குடை, யாரோட முதுகோ. அந்தப் படங்கள் ‘எர்லி கலர்’னு புத்தகமா வந்தப்போ வருஷம் 2006, அவருக்கு 80 தாண்டியாச்சு. நம்ம ஊர் மழை நாள்ல பஸ் ஜன்னலோரம் உட்காரும்போது அவர் ஞாபகம் வராம இருக்காது.

இனி கையில செய்யறது. சாயங்காலம் சூரியன் மறைஞ்சதும் சென்னையில ஒரு இருபது, இருபத்தஞ்சு நிமிஷம் கிடைக்கும். நாம பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிறதால சட்டுன்னு இருட்டிடும். அந்த நேரத்துல மஞ்சள் பல்பு எரியுற ஒரு டீக்கடைக்குள்ள நின்னு வெளியே வானத்தைப் பாருங்க. வானம் சாதாரணத்தைவிட அடர்ந்த நீலமாத் தெரியும். வெளியே வந்து பார்த்தா அவ்வளவு நீலம் இல்ல. மஞ்சளுக்குப் பழகின கண்ணு செய்ற வேலை அது. ஜேம்ஸ் டரெல்ங்கிற அமெரிக்கக் கலைஞர் இதை வச்சே ‘ஸ்கைஸ்பேஸ்’னு அறைகள் கட்டுறார்: கூரையில ஒரு திறப்பு, சுவர்ல மாறுற விளக்கு, கீழ உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறது. முற்றம் வச்ச வீட்டுல வளர்ந்தவங்களுக்கு இதைச் சொன்னா, “இதுக்கா இவ்வளவு?”ன்னு கேட்பாங்க. நியாயம்தான்.

முகத்தை எடுக்கும்போது வாசலுக்கு உள்பக்கம் ரெண்டடி தள்ளி நிக்க வையுங்க, வெயில் நேரா படாம. கறுத்த தோலோட அழகு அதோட மினுமினுப்புல இருக்கு. வாசல் மாதிரிப் பெரிய, மென்மையான வெளிச்சம் கன்னத்துலயும் நெத்தியிலயும் அகலமா ஒரு பளபளப்பைத் தரும். பவுடர் போட்டு அதைத்தான் முதல்ல அழிக்கிறாங்க. போன் தானா முகத்தை வெளுக்கப் பார்க்கும். முகத்து மேல விரலை அழுத்திப் பிடிச்சா ஒரு குறி வரும். அதைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறைங்க. பியூட்டி மோடை அணைச்சுடுங்க, பல போன்ல அது வாங்கும்போதே ஆன்ல இருக்கு. உச்சி வெயில் வேண்டாம். ஏப்ரல் கடைசியில நம்ம ஊர்ல சூரியன் நேரா தலைக்கு மேல வந்து நிக்கும், கண்ணு ரெண்டும் குழியாயிடும்.

அப்புறம் அந்த மஞ்சள் குர்தா. யார் ‘எடுக்காது’ன்னு சொன்னாங்களோ, அவங்க அதை எங்கே வச்சுப் பார்த்தாங்கன்னு கேளுங்க. துணியைக் கழுத்துக்கிட்ட வச்சுக்கிட்டு காலையில எட்டு மணிக்குப் பால்கனியிலயோ மொட்டை மாடியிலயோ ஒரு படம், அதையே ராத்திரி ஹால் லைட்டுல ஒரு படம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அனுப்புங்க. ஃபில்டர் மட்டும் வேண்டாம். வர்றதைப் பார்த்துட்டு அடுத்த எபிசோட்ல துணி பத்தி, முக்கியமா கறுப்பு நிறத் துணி பத்திப் பேசலாம்னு இருக்கேன்.