உரிமையற்ற புரவலர்கள்

ஒரு படைப்பு உருவாகும் முன்பே அதற்குக் காசு கொடுப்பவரை என்னவென்று அழைப்பது? புரவலர் என்றா, சந்தாதாரர் என்றா, பங்குதாரர் என்றா? அமெரிக்கக் கணினி விளையாட்டு நிறுவனங்கள் இரண்டுக்கு 2012இல் ரசிகர்கள் பணம் திரட்டிக் கொடுத்த கதையை முன்வைத்து இந்தக் கேள்வியைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். விளையாட்டுதானே என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பண்பாட்டு உற்பத்தியில் பணம் எங்கிருந்து வருகிறது, அதிகாரம் எங்கே போய்த் தங்குகிறது என்பது இங்கே பளிச்சென்று தெரிகிறது.

முதலில் அந்த விளையாட்டு எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். 'வேஸ்ட்லேண்ட்' 1988இல் வந்தது. அணுப்போருக்குப் பிந்தைய அமெரிக்கப் பாலைவனத்தில் ஒரு சிறு குழுவை ஆடுபவர் நடத்திச் செல்ல வேண்டும். குழுவில் யாருக்கு என்ன திறமை, யாரோடு சண்டை, யாரோடு சமரசம் என்பதெல்லாம் அவர் முடிவு. அன்றைய வட்டுகளில் இடம் போதாது. அதனால் கதையின் பல பத்திகளை எண்ணிட்டு, புத்தகமாக அச்சடித்துக் கூடவே கொடுத்தார்கள். இத்தனாம் பத்தியைப் படி என்று திரை சொல்லும். முன்கூட்டியே புரட்டிப் பார்ப்பவர்களை ஏமாற்றப் பொய்ப் பத்திகளும் அதில் உண்டு. ஆக, இதன் ரசிகர் ஒருவகையில் வாசகர்.

சொற்கள் நிறைந்த, நிதானமான இந்த வகை விளையாட்டைப் பெரிய வெளியீட்டு நிறுவனங்கள் பின்னாளில் கைவிட்டன. முதல் போடுபவர்கள் அவர்கள். எது 'சந்தை' என்று வரையறுப்பவர்களும் அவர்களே. ரசிகர்கள் இருந்தார்கள், ஆனால் நிறுவனத்தின் கணக்கில் இல்லை. முதல் விளையாட்டின் இயக்குநர் பிரையன் ஃபார்கோ இரண்டாம் பாகத்துக்காக இந்த நிறுவனங்களிடம் அலைந்து பலனில்லாமல், 2012 மார்ச்சில் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணைய ஏற்பாட்டின் வழியாக ரசிகர்களிடமே கேட்டார். கேட்டது 9 லட்சம் டாலர். இரண்டே நாளில் அது சேர்ந்துவிட்டது. முடிவில் 61,000க்கும் மேற்பட்டவர்கள் 29 லட்சம் டாலருக்கு மேல் போட்டிருந்தார்கள். அதே ஆண்டு அப்சிடியன் நிறுவனம் 'பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி'க்காகச் சுமார் 74,000 பேரிடம் ஏறத்தாழ 40 லட்சம் டாலர் திரட்டியது. 'வேஸ்ட்லேண்ட் 2' 2014இலும் 'பில்லர்ஸ்' 2015இலும் வெளிவந்தன. சும்மா சொல்லக்கூடாது, பெரிய காரியம்தான். சந்தை இல்லை என்று சொன்னவர்களின் சொல்லாடல் அங்கே உடைந்தது.

சரி, காசு போட்டவருக்கு என்ன உரிமை கிடைத்தது? 'நாங்கள் கடையல்ல' என்று கிக்ஸ்டார்ட்டர் 2012இலேயே அறிவித்துவிட்டது. நிறுவனத்தில் பங்கு கொடுக்கவும் அதன் விதிகள் இடம் தருவதில்லை. அப்படியானால் கடையில் வாங்குகிறவருக்குள்ள உத்தரவாதம் இவருக்குக் கிடையாது, முதலாளிக்குள்ள லாபமும் கிடையாது. நட்டத்துக்கான ஆபத்து மட்டும் முதலாளியுடையதைப் போன்றது. ஃபார்கோவின் இன்எக்ஸைல் நிறுவனம் 2013இல் 'டார்மெண்ட்: டைட்ஸ் ஆஃப் நியூமெனெரா'வுக்கு 41 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. கூடுதல் பணம் வந்தால் செய்வோம் என்று வாக்களித்தவற்றில் சிலவற்றை, இத்தாலிய மொழிப் பதிப்பு உட்பட, 2017இல் வெளியிடும் தறுவாயில் கைவிட்டது. போட்டவர்கள் கோபப்பட்டார்கள். ஆனால் எதை வெட்டுவது என்ற முடிவில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை.

பிரதிக்குள்ளேயும் இந்தச் சிக்கல் நுழைந்தது. 'பில்லர்ஸ்' விளையாட்டில், அதிகத் தொகை கொடுத்தவர்கள் நினைவுக்கல் ஒன்றில் தங்கள் வாசகத்தைப் பொறித்துக்கொள்ளலாம். அதிலொன்று திருநங்கையரை இழிவுசெய்யும் கேலிப்பாட்டு. 2015இல் எதிர்ப்பு எழுந்தபின் அது மாற்றப்பட்டது. ரசிகர் ஆசிரியராகிவிட்டார் என்று இதைக் கொண்டாட முடியுமா? 15 டாலர் போட்டவருக்கு அந்தக் கல்லில் இடமில்லையே. 'ரசிகர் கூட்டம்' என்ற சொல் உள்ளேயிருக்கும் படிநிலையை மறைத்துவிடுகிறது என்பதே என் எண்ணம்.

கடைசியாக, 2018 நவம்பரில் இன்எக்ஸைல், அப்சிடியன் இரண்டையும் மைக்ரோசாஃப்ட் வாங்குவதாக அறிவித்தது. வெளியீட்டு நிறுவனங்களின் பிடியிலிருந்து விடுபட என்று ரசிகர்களிடம் கையேந்தியவர்கள், அவற்றைவிடப் பெரிய நிறுவனத்தின் அங்கமானார்கள். 2016இல் 'வேஸ்ட்லேண்ட் 3'க்குப் பணம் திரட்டியபோது ஃபிக் என்ற வேறொரு ஏற்பாட்டின் வழியாக முதலீடும் செய்ய முடிந்தது. அதுவும் அந்த விளையாட்டின் வருவாயைச் சார்ந்த பங்கே தவிர, இன்எக்ஸைலில் பங்கல்ல. ரசிகர்களின் பற்று அந்த நிறுவனங்களுக்கு ஒரு மதிப்பைக் கூட்டியது. விற்கும்போது அந்த மதிப்பில் ரசிகர்களுக்கு ஒரு காசும் பாத்தியதையில்லை.

ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. சொன்ன விளையாட்டுகள் வந்தன, ஆடியவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் முன்பணம் கொடுப்பதையே மாற்றுப் பண்பாடு என்று கொண்டாடும் போக்கை ஏற்க முடியவில்லை. முன்பணத்தால் உற்பத்திக்கு வழி பிறக்கிறது. உடைமை உறவு அப்படியே இருக்கிறது. பலரிடம் கைநீட்டித் தொடங்கும் எந்த முயற்சியிலும், நாளை இதை விற்பதா வேண்டாமா என்று யார் தீர்மானிப்பார்கள் என்பதை முதல் ரூபாய் வாங்கும் முன்பே எழுதிவைத்துவிட வேண்டும். பிறகு கேட்டால் நன்றிதான் கிடைக்கும்.